கேட்க மாட்டோம், சொல்லுவோம்

2018 மார்ச் 5ஆம் திகதி ரொறன்ரோ பொலிஸார் செய்தியாளர்களைக் கூட்டி ஒரு படத்தைக் காட்டினார்கள். இறந்துபோன ஓர் ஆணின் முகம். இப்படியொரு படத்தை வெளியிட மனமில்லை, வேறு வழி தெரியாமல்தான் செய்கிறேன் என்ற பொருள்படப் பேசிவிட்டு, இவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று விசாரணைக்குப் பொறுப்பான அதிகாரி கேட்டார். புரூஸ் மக்ஆர்தர் என்ற தோட்டவேலைக்காரன் கைதாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவன் வேலை செய்த வீடொன்றில் நின்ற பெரிய பூச்சாடிகளுக்குள் மனித உடல்களின் எச்சங்கள் இருந்தன. அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த முகத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை. காணாமற்போனோர் கோப்பு எதிலும் இவர் இல்லை.

ஆறு வாரம் கழித்துப் பெயர் கிடைத்தது. அவர் ஈழத் தமிழர், வயது 37. 2010 ஆகஸ்ட் 13 அன்று எம்.வி. சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்குவைமால்ற் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த 492 பேரில் ஒருவர். அவருடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, நாடுகடத்தும் உத்தரவும் வந்திருந்தது. 2016இன் தொடக்கத்தில் கொல்லப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் அவரைக் காணவில்லை என்று எந்தப் பொலிஸ் நிலையத்திலும் ஒரு முறைப்பாடு இல்லை. உறவினர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஒரு விவரத்தைத் தாண்டி என்னால் இன்றுவரை போக முடியவில்லை. "எங்கடை பொடியனைக் காணேல்லை" என்று பொலிஸில் போய்ச் சொல்வதும், "எங்கடை பொடியன் இங்கைதான் ஒளிச்சிருக்கிறான், பிடியுங்கோ" என்று சொல்வதும் அந்தக் குடும்பத்தின் நிலையில் ஒரே வாசகம்தான். பொலிஸாருக்கும் குடியேறிகளுக்கும் இடையிலான நம்பிக்கை பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. இந்த வாசகச் சிக்கலை அவிழ்க்காமல் அவை எல்லாம் எங்கே போய் முடியும் என்பதே என் கேள்வி.

*

எங்கள் ஆட்கள் கனடாவுக்குக் கொண்டுவந்தவற்றில் பொலிஸ் பற்றிய நினைவும் ஒன்று. சூட்கேஸில் வைக்காமலே கூட வந்தது. இலங்கையின் சாதாரணச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேலான ஒருவரோ எழுதி எடுத்த வாக்குமூலம் சான்றாகும் என்றது. அந்த வாக்குமூலம் எந்த அறையில், எப்படிப் பெறப்பட்டிருக்கும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் பொலிஸ் பதிவு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஏற்றப்பட்டவர்களில் பலர் முறைப்படி பதிந்தவர்கள். பதிந்திருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு அந்தப் பதிவே வழிகாட்டியிருக்கும்.

இன்னொரு உருவமும் உண்டு: தலையாட்டி. சுற்றிவளைப்பில் ஆண்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். சாக்கால் முகம் மூடிய ஒருவர் வாகனத்துக்குள் இருப்பார். அவர் தலை அசைந்தால் உங்கள் கதை முடிந்தது. அவரும் எங்கள் ஆள்தான், பிடிபட்டு அடிபட்டவர். எங்கள் சமூகத்தில் "பொலிஸுக்குச் சொன்னவன்" என்ற சொற்றொடருக்கு இருக்கும் கனம் இங்கிருந்து வருகிறது. கனடியப் பொலிஸ் அதிகாரி ஒருவர் ஸ்காபரோவில் கதவைத் தட்டி, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்கும்போது, கதவுக்கு உட்புறம் நிற்கும் ஐயாவின் மனதில் ஓடுவது அந்தச் சாக்குதான்.

இந்த நினைவு நாட்பட மங்கும் என்பது வழக்கமான நம்பிக்கை. மங்கத்தான் செய்கிறது; ஆனால் நேர்கோட்டில் அல்ல. சிக்காகோவில் பொலிஸ்–பொதுமக்கள் தொடர்பைப் பல்லாண்டு ஆராய்ந்த வெஸ்லி ஸ்கோகன் 2006இல் வெளியிட்ட கட்டுரையொன்றின் முடிவு, கெட்ட சந்திப்பு ஒன்று மனதில் ஏற்படுத்தும் தாக்கம் நல்ல சந்திப்பின் தாக்கத்தைப் போல 4 முதல் 14 மடங்கு என்பது. நல்ல சந்திப்பின் விளைவோ பல இடங்களில் கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது. ஆள் ஏற்கெனவே காயப்பட்டு வந்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

*

ரொறன்ரோவில் முதல் பெரிய மோதல் 1990களில் வந்தது. வி.வி.ரி., ஏ.கே. கண்ணன் என்ற பெயர்களில் இளைஞர் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டியும் சுட்டும் திரிந்த காலம். கோப்பிக் கடைக்குப் போகவே பெற்றோர் பயந்தார்கள். பொலிஸார் தமிழ்க் குழுக்களுக்கென்று தனியணி அமைத்தார்கள். 2001 அக்டோபரில் குடிவரவு அதிகாரிகளோடு சேர்ந்து ஒரே வீச்சில் சுமார் ஐம்பது பேரைப் பிடித்தார்கள். குற்றவியல் வழக்கு நடத்தி, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி நிரூபிப்பது கடினம். சாட்சி சொல்ல ஆள் வராது. நாடுகடத்தும் நடைமுறைக்கு அவ்வளவு சான்று வேண்டியதில்லை. ஆகவே குடிவரவுச் சட்டம் பொலிஸின் கையில் ஓர் ஆயுதமாயிற்று.

அந்த நடவடிக்கையை அன்று பல தமிழ்க் கடைக்காரர்கள் வரவேற்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கிச் சத்தம் குறைந்தது. ஆனால் அதே நடவடிக்கை இன்னொரு பாடத்தையும் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனது: பொலிஸும் இமிகிரேஷனும் ஒரே வண்டியில்தான் வரும். குற்றமே செய்யாத, பேப்பர் மட்டும் இல்லாத ஆள் இந்தப் பாடத்தை எல்லோரையும்விடக் கவனமாகப் படித்தார். குழுச் சண்டை தணிந்ததற்குக் கைதுகளோடு கூட, தமிழ் இளைஞர்கள் தாங்களே தொடங்கிய வளர்ச்சி அமைப்புகளின் வேலையும் காரணம் என்பது என் கருத்து. பிடிபட்ட எண்ணிக்கை அறிக்கையில் ஏறும். ஒரு பொடியனை மாலை நேரத்தில் கூடைப்பந்து மைதானத்தில் நிறுத்தி வைத்த உழைப்பு எந்த அறிக்கையிலும் ஏறாது.

நேர் எதிரான சித்திரம் ஒன்றும் உண்டு. 2009 மே 10, அன்னையர் தினம், ஞாயிற்றுக்கிழமை மாலை. இலங்கையின் வன்னியில் போரின் கடைசி நாட்கள் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான தமிழர்கள் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்துவிட்டார்கள், தள்ளுவண்டியில் குழந்தைகளோடு. நகரமே எரிச்சலில் இருந்தது. வானொலியில் கேட்ட வசைகள் எனக்கு மறக்கவில்லை. அப்போதைய பொலிஸ் தலைவர் பில் பிளேயர் தடியடியை நாடவில்லை. சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, பேசி, காத்திருந்தார். நள்ளிரவளவில் கூட்டம் தானாக இறங்கியது. அன்று அந்தச் சாலையில் இருந்தவர்களில் பலருக்கு, சீருடைக்காரர் ஒருவர் தம்மை அடிக்காமல் நின்றதைக் கண்ட முதல் அனுபவம் அது. அதே பிளேயர் தலைமையில் அதே நகரில் 2010 ஜூன் மாத ஜி20 மாநாட்டின்போது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள்; கனடிய வரலாற்றில் அதற்குமுன் அமைதிக்காலத்தில் அப்படியொரு கூட்டுக்கைது நடந்ததில்லை. இரண்டுக்கும் இடையில் பதின்மூன்று மாதம். ஒரு நல்ல மாலையின் புண்ணியம் எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு இதற்குமேல் நான் என்ன சொல்ல?

*

இனி அந்த வாசகச் சிக்கலுக்கு வருகிறேன்.

2006இல் ரொறன்ரோ பொலிஸ் சேவைகள் சபை ஒரு கொள்கையை ஏற்றது. பாதிக்கப்பட்டவர்களிடமும் சாட்சிகளிடமும், தக்க காரணம் இல்லாமல், குடிவரவு நிலையைக் கேட்கக்கூடாது. சமூக அமைப்புகள் கோரியது இரண்டு பகுதி கொண்டது: கேட்காதே, தெரிந்தாலும் சொல்லாதே. முதல் பகுதி கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. சட்டப்படி கடமைப்பட்டிருக்கும் அதிகாரியை, தெரிந்ததைச் சொல்லாதே என்று தடுக்க முடியாது என்பது பொலிஸ் தரப்பு வாதம். குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவும் குடிவரவுப் பிடியாணையை நிறைவேற்றும் கடமையைப் பொலிஸார்மேல் வைக்கிறது. வாதத்தில் சட்ட நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு தமிழ் வீட்டில் இதை மொழிபெயர்த்துச் சொல்லிப் பாருங்கள்: "கேட்க மாட்டோம், தெரிந்தால் சொல்லுவோம்." சொல்லி முடிக்குமுன் கதவு மூடிவிடும்.

நடைமுறையில் கேட்கத் தேவையும் இல்லை. பொலிஸ் வண்டியின் முன்னிருக்கையில் ஒரு கணினி இருக்கிறது. பெயரையும் பிறந்த திகதியையும் தட்டினால், மத்திய பொலிஸ் படை நடத்தும் நாடளாவிய தரவுத்தளம் விடை தரும். நாடுகடத்தலுக்கு வரச்சொன்ன நாளில் வராதவருக்கு எல்லைச் சேவைகள் முகவரகம் பிடியாணை போட்டிருந்தால், அதுவும் அதே திரையில் வரும், கொலைகாரனைத் தேடும் பிடியாணைக்குப் பக்கத்தில். பின்விளக்கு எரியாத காருக்காக மறித்தவர், பக்கத்து இருக்கையில் இருந்தவரின் பெயரைக் கேட்டால் போதும். பாதிக்கப்பட்டவர், சாட்சி என்ற இரண்டு சொற்களுக்குள் காரில் பக்கத்தில் இருந்தவர் அடங்க மாட்டார்.

ஒரு சின்ன இடைச்சொருகல். எங்கள் பெயர்முறை இந்தத் திரைக்குப் பெரிய தலையிடி. தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா, மனைவியின் கடைசிப் பெயர் ஏன் வேறு, ஒரே வீட்டில் நான்கு "குடும்பப் பெயர்" எப்படி வந்தது என்று கேட்டு அதிகாரிகள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். "சிவ" என்பதை மூன்று விதமாக எழுதலாம். அந்தத் திணறலே சிலசமயம் ஒருவரைச் சந்தேகத்துக்கு உரியவராகக் காட்டிவிடுகிறது: பெயரை மறைக்கிறார்.

2015இல் 'நோ வன் இஸ் இல்லீகல்' என்ற செயற்பாட்டுக் குழு, தகவலறியும் வழியில் பெற்ற ஆவணங்களைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. 2014 நவம்பர் முதல் எட்டு மாதத்துக்குள் ரொறன்ரோ பொலிஸார் எல்லைச் சேவைகள் முகவரகத்தோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தொடர்புகொண்டிருந்தார்கள். அவற்றில் மிகப்பெரும்பாலானவை, இந்த ஆளின் குடிவரவு நிலை என்ன என்று விசாரித்த அழைப்புகள். கேட்பதில்லை என்று கொள்கை எழுதி ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. 2013 பெப்ரவரியில்தான் ரொறன்ரோ நகரசபை, குடிவரவு நிலை எதுவானாலும் அச்சமின்றி நகரச் சேவைகளைப் பெறலாம் என்று தீர்மானம் போட்டு, கனடாவின் முதல் அடைக்கல நகரம் என்ற பெயரும் வாங்கியிருந்தது. நூலகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் அந்தத் தீர்மானம் பொருந்தும். வண்டிக்குள் இருக்கும் திரைக்கு அது எட்டவில்லை.

இதற்குப் பிறகு வரும் பயம் பேப்பர் இல்லாதவர்களோடு நிற்பதில்லை. ஒரு தமிழ் வீட்டின் மேல்மாடியில் குடியுரிமை பெற்றவர்கள், பேஸ்மென்ற்றில் கேஸ் நிராகரிக்கப்பட்ட மருமகன், முன்னறையில் விசிட்டர் விசாவில் வந்த அம்மா. மேல்மாடியில் கள்ளன் புகுந்தாலும் பொலிஸைக் கூப்பிட வேண்டுமா என்ற முடிவு பேஸ்மென்ற்றைப் பார்த்துத்தான் எடுக்கப்படும்.

குடும்ப வன்முறையில் இந்த முடிச்சு இன்னும் இறுகுகிறது. கணவன் அடிக்கிறான். மனைவி குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு தொலைபேசியோடு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வேண்டியது இந்த நிமிடம் அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்ராறியோவில் பொலிஸ் வந்து, குற்றம் நடந்தது என்று நம்பத் தக்க காரணம் கண்டால் வழக்குப் போட்டே ஆக வேண்டும்; அவள் வேண்டாம் என்றாலும் போடுவார்கள். இந்த விதி பெண்களைக் காக்க வந்தது, பொலிஸார் "வீட்டுச் சண்டை" என்று தட்டிக்கழித்த காலத்துக்கு எதிராகப் போராடிப் பெற்றது. ஆனால் அவளுடைய கணக்கு வேறு. கணவன் பிணையில் வந்தாலும் வீட்டுக்கு வர முடியாது. வாடகை யார் கட்டுவது? அவன் நிரந்தர வதிவிடக்காரனாக இருந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், 2013இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நாடுகடத்தலை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமையே போய்விடும். 2012 முதல் 2017 வரை இன்னொரு விதியும் இருந்தது: துணையால் அழைக்கப்பட்டு வருபவர்களில் பலர் இரண்டு ஆண்டு அவரோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிட உரிமை நிலைக்கும். வன்முறைக்கு விதிவிலக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. குளியலறைக்குள் நிற்பவளுக்கு யார் அதை வாசித்துக் காட்டுவது? மாமியார்கள் வாசித்துக் காட்டியது முதல் பாதியை மட்டும்.

நான் சில காலம் இப்படிப்பட்ட பெண்களுக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். பொலிஸை ஏன் அழைக்கவில்லை என்ற கேள்விக்கு "பயம்" என்று விடை வந்தால், படிவத்தில் "பண்பாட்டுக் காரணம்" என்று குறித்துக்கொள்வார்கள். எங்கள் பண்பாட்டுக்கு வேண்டிய மட்டும் குறைகள் உண்டு. அவற்றை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கில் பண்பாடு எங்கே வந்தது? அவள் போட்டது சட்டக் கணக்கு, பல வழக்கறிஞர்களைவிடத் துல்லியமாக.

*

பொலிஸ் துறைகளின் வழக்கமான மருந்து நெருங்கிப் பழகுவது. பொங்கல் விழாவுக்குச் சீருடையோடு வந்து பானைக்கு முன் நின்று படம் எடுப்பது, இளைஞர்களோடு கிரிக்கெட், தமிழில் துண்டுப்பிரசுரம், ஆலோசனைக் குழு. ஏளனம் செய்யவில்லை, நான் பரிமாறிய பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை வந்து கேட்ட அதிகாரியை எனக்குப் பிடிக்கும். இதனால் பயன் உண்டா என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பொலிஸார் எந்தக் குற்றத்தையும் விசாரிக்காமல், வெறுமனே வீடு வீடாகப் போய்ச் சில நிமிடம் பேசிவிட்டு வந்தார்கள். எந்த வீட்டுக்குப் போவது என்பது குலுக்கல் முறை. 2019இல் வெளியான அந்தச் சோதனையின் முடிவில், போன வீடுகளில் பொலிஸ் மீதான மதிப்பு உயர்ந்திருந்தது. மூன்று வாரம் கழித்துக் கேட்டபோதும் முழுதாக இறங்கிவிடவில்லை.

மகிழ்ச்சிதான். ஆனால் 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்த இன்னொரு பேராய்வு இருக்கிறது. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகண்டா ஆகிய ஆறு நாடுகளில் சமூகப் பொலிஸ் முறையை ஒரே திட்டமாக நடத்திப் பார்த்தார்கள்: ரோந்து, ஊர்க் கூட்டம், தகவல் எண். பொலிஸ் மீதான நம்பிக்கையும் கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. அதிகாரிகள் அடிக்கடி இடம் மாற்றப்பட்டார்கள், மேலிடம் அக்கறைப்படவில்லை, ஊர்க் கூட்டத்தில் சொன்ன குறையைத் தீர்க்க ஆளும் பணமும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: பழக்கத்தால் எண்ணம் மாறும், அந்த எண்ணத்தை நம்பி ஒருவர் வாய் திறந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே அது நிற்கும். ரொறன்ரோவில் குடியிருப்புப் பகுதிக்கென்று நியமிக்கப்படும் அதிகாரிகளைச் சில ஆண்டுகள் அதே இடத்தில் வைத்திருப்பது அந்த வகையில் நல்ல ஏற்பாடு. முகம் தெரிந்த அதிகாரியிடம் குறைந்தபட்சம், "நான் பேரைச் சொன்னால் எங்கை போகும்?" என்று நேரடியாகக் கேட்கலாம். அவரிடம் நேரடியான விடை இருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

விடை கொடுக்க முயன்றவர்கள் உண்டு. முதல் பெயர் ஆச்சரியமானது. 1979 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் தலைவர் டெரில் கேற்ஸ் காலத்தில் 'சிறப்பு ஆணை 40' வந்தது: ஒருவரின் குடிவரவு நிலையைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு அதிகாரிகள் எந்த நடவடிக்கையும் தொடங்கக் கூடாது. கேற்ஸ் இரக்கத்துக்குப் பேர்போனவர் அல்லர். 1992 கலவரத்தோடு பதவியை விட்டுப் போன கடும்போக்காளர். நகரத்தில் பாதிப்பேர் சாட்சி சொல்ல வராவிட்டால் கொலைகாரனைப் பிடிக்க முடியாது என்ற தொழில்முறைக் கணக்கு அவரிடம் இருந்தது. இந்த விடயத்தில் நான் மனிதநேய உரைகளைவிட அந்தக் கணக்கையே நம்புகிறேன்.

கணக்கு சரி என்பதற்குத் தடயங்கள் உண்டு. நிக் தியோடர் 2013இல் நான்கு அமெரிக்கக் கவுண்டிகளில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2,004 பேரிடம் நடத்திய ஆய்வில், குற்றத்துக்கு ஆளானாலும் பொலிஸை அழைக்கும் சாத்தியம் குறைவு, குடிவரவு நிலையைக் கேட்பார்கள் என்ற பயம் என்று 44 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆவணமற்றவர்களில் அது 70 விழுக்காடு. 2017 வசந்தத்தில் ஹூஸ்டன் பொலிஸ் தலைவர் ஆர்ட் அசெவேடோ, அவ்வாண்டின் முதல் மூன்று மாதத்தில் ஹிஸ்பானியர்கள் முறையிட்ட பாலியல் வல்லுறவு வழக்குகள் முந்தைய ஆண்டைவிட 42.8 விழுக்காடு குறைந்துவிட்டன என்று எச்சரித்தார். மூன்று மாதக் கணக்கை வைத்து எதையும் அறுதியிடக் கூடாதுதான். ஆனாலும் ஒரு பொலிஸ் தலைவர், வழக்கு குறைந்ததைப் பார்த்துக் கவலைப்பட்டுப் பேசியது நான் அடிக்கடி காணும் காட்சி அல்ல.

நெதர்லாந்தில் 2016 முதல் நாடு முழுவதும் ஒரு வழி இருக்கிறது. ஆவணமற்றவர் குற்றத்தை முறையிடப் பொலிஸ் நிலையத்துக்குள் வரலாம். வந்தவரைப் பிடித்து வைக்காமல் வெளியே போக விடுவார்கள். 'சுதந்திரமாக உள்ளே, சுதந்திரமாக வெளியே' என்றே அதற்குப் பெயர். நல்ல பெயர், ஒரு பாட்டிக்கும் விளங்கும். பிரித்தானியாவில் கதை எதிராகப் போனது. பெண்கள் அமைப்பான சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸும் உரிமை அமைப்பான லிபர்ட்டியும் 2018இல் சேர்ந்து முறையிட்டதன் பேரில், பொலிஸ் கண்காணிப்பு அமைப்புகள் 2020 டிசம்பரில் விடை தந்தன: குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணின் விவரத்தைக் குடிவரவுத் துறைக்குக் கொடுப்பது தீங்கு விளைவிக்கிறது, இடையில் தடுப்பு வேண்டும். ஓராண்டு கழித்து உள்துறை அமைச்சு அந்தத் தடுப்பை மறுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காணவே தகவல் பகிர்வு தேவை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இதை வாசித்தபோது பழைய லொட்ஜ் பதிவு நினைவுக்கு வந்தது. அதையும் எங்கள் பாதுகாப்புக்கு என்றுதான் சொன்னார்கள்.

*

மக்ஆர்தர் 2019 ஜனவரியில் எட்டுக் கொலைகளையும் ஒப்புக்கொண்டான். எட்டுப் பேரில் பலர் தெற்காசியாவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். முதலில் மறைந்தவரும் ஒரு தமிழர், 2010 செப்டம்பரில். அவரையும், அடுத்துக் காணாமற்போன இரண்டு ஆப்கானியப் பின்னணி கொண்டவர்களையும் தேட 2012இல் அமைத்த விசாரணை அணியை 2014 வசந்தத்தில் கலைத்தார்கள். இடையில், 2013 நவம்பரில், மக்ஆர்தரையே அழைத்து விசாரித்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். காணாமற்போனவர்களைப் பொலிஸ் எப்படித் தேடியது என்று ஆராய்ந்த முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்ரீனின் அறிக்கை 2021 ஏப்ரலில் 151 பரிந்துரைகளோடு வந்தது. வேண்டுமென்று செய்த பாகுபாடு என்று அவர் சொல்லவில்லை. விளிம்பில் இருப்பவர்கள் காணாமற்போனால் அது அவசரமாகத் தெரியாத ஓர் அமைப்பு முறையைச் சொன்னார்.

அறிக்கைக்கு முன்பே காணாமற்போனோருக்கெனத் தனிப்பிரிவு வந்துவிட்டது. பக்கத்துப் பீல் பிராந்தியத்தில் 2019இல் பொலிஸ் தலைவரானவர் இலங்கையில் பிறந்த நிஷான் துரையப்பா. எங்கள் வானொலிகள் அதைக் கொண்டாடின, நானும்தான். ஆனால் சன் சீயில் வந்தவரை முறைப்பாட்டுக்குள் வரவிடாமல் நிறுத்தியது அதிகாரியின் நிறமோ மொழியோ அல்ல. திரையில் வந்திருக்கக்கூடிய ஒரு வரி. அந்த வரி இன்றும் வரும்.

போன குளிர்காலத்தில் ஓர் இரவு, எங்கள் தெருவில் ஒரு வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்த பெண் என் கதவைத் தட்டினார். குளிர்ச்சட்டை போடாமல், கால் செருப்போடு. உள்ளே சண்டை. நீங்களே 911ஐ அடித்துத் தாருங்கோ அண்ணை என்றார். அடித்துக் கையில் கொடுத்தேன். ரொறன்ரோவில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், எனக்கும் கேட்டது: பொலிஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா?

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆம்புலன்ஸ் என்றார்.

யாருக்குக் காயம் என்று மறுமுனை கேட்டது. ஒருவருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை என் கையில் திருப்பித் தந்தார்.